கேம் புராஜெக்ட் செய்யப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் கணினியியல் மூன்றாம் ஆண்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு கேம் செய்தோம். உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர்) மேசை மேசையாகப் பறந்து மிச்சம் மீதியைத் திருடித் தின்னும் ஒரு மைனா, அதை விரட்ட ஒரு துப்புரவாளர், மூன்று நிமிடம், அவ்வளவுதான் கேம். அதற்குப் பிறகு தமிழ்ச் சங்க ஜூனியர்கள், பாலிடெக்னிக்கில் படிக்கும் சித்தி மகன், தேசிய சேவை முடித்துவிட்டு வரப்போகிற பக்கத்து வீட்டுத் தம்பி என்று ஆளாளுக்கு என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள், கேட்பது என்னவோ அதே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, கேம் புராஜெக்ட்னா விளையாடிக்கிட்டே மார்க் வாங்கிடலாம்தானே?

விளையாடுவீர்கள். உங்கள் கேமின் அதே மூன்று நிமிடத்தை, அதுவும் பாதி உடைந்த நிலையில், வெறுத்துப்போகும் வரை விளையாடுவீர்கள்.

மற்ற அசைன்மெண்டுகளுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாதாரண புரோகிராம் எதையோ வாங்கும், கணக்குப் போடும், விடையைச் சொல்லும், முடிந்துவிடும். கேம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்: ஆள் எதை அழுத்தினார் என்று பார்க்கும், எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்தும், திரையில் வரையும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விநாடிக்கு 60 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் கேம் திக்கித் திக்கி ஓடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் திரும்ப வரும்.

யூனிட்டியா, கோடோவா, அன்ரியலா, எதுல செய்யறது? ஒருத்தன் பைத்தான் போதும்ங்கறான்.

யூனிட்டி, கோடோ, அன்ரியல் மூன்றும் கேம் செய்ய உதவும் மென்பொருள்கள், இன்ஜின் என்பார்கள். குழுவில் இரண்டு பேருக்காவது ஏற்கெனவே தெரிந்தது எதுவோ அது. நாங்கள் யூனிட்டி எடுத்ததற்கு வேறு காரணமே கிடையாது. யூனிட்டியில் சி ஷார்ப் என்ற மொழியில் எழுத வேண்டும், மாட்டிக்கொண்டால் இணையத்தில் பதில் கிடைத்துவிடும். கோடோ முழுக்க இலவசம், திறந்த மூலம், இறக்கும் கோப்பும் சின்னது, அதன் சொந்த மொழி பார்க்கப் பைத்தான் மாதிரியே இருக்கும். அன்ரியல் அழகுதான், ஆனால் சாதாரண மடிக்கணினியில் அதைத் திறந்து வைத்தால் மின்விசிறி சத்தத்தில் நூலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பைத்தானில் பைகேம் என்று ஒன்று இருக்கிறது, சுற்று எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ள மிக நல்லது. ஆனால் பட்டன், மெனு, அனிமேஷன் எல்லாம் நீங்களேதான் எழுத வேண்டும்.

2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று அறிவித்துப் பெரிய ரகளையாகி, ஒரு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. அந்தக் கோபத்தில் கோடோ பக்கம் போனவர்கள் நிறைய. மாணவர் புராஜெக்டுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் குழுவில் ஒருவர் இதை வைத்து முதல் கூட்டத்தையே வாதமாக்கிவிடுவார், தயாராக இருங்கள்.

ஐடியா எப்படிக்கா புடிச்சீங்க? எங்களுக்கு ஒண்ணுமே தோணலை.

தோன்றாததல்ல பிரச்சினை, தோன்றுவதெல்லாம் பெரிதாக இருக்கும். நாங்களும் முதலில் டிராகன், நேரப் பயணம் என்று பேசிக்கொண்டு ஒரு ஹாக்கர் சென்டரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஒருவர் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது சட்டம், இருந்தாலும் மறப்பவர்கள் மறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மூன்று மைனாக்கள் இறங்கி மிச்ச நூடல்ஸை இழுத்துக்கொண்டு போயின. துடைக்க வந்த அங்கிள் துணியை வீசினார். மைனாக்கள் பறக்கவில்லை, சும்மா அடுத்த மேசைக்குத் தத்திப் போயின.

எங்கள் முதல் திட்டத்தில் ஆடுபவர் அந்த அங்கிள். தட்டுகளை எடுக்க வேண்டும், மைனாவை விரட்ட வேண்டும். அது பிறகு தலைகீழானது, அந்தக் கதை கீழே வருகிறது.

எனக்கு வரையவே வராது. குழுவுலயும் யாருக்கும் வராது. அப்ப எப்படி?

மைனாவைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கும் இருந்தது: உடம்பு கறுப்பு, அலகும் காலும் மஞ்சள், ஐந்து வயதுப் பிள்ளைகூட வரைந்துவிடும். உங்கள் கேமின் முகமாக இருக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் சொந்தமாக வரையுங்கள், மற்றதை இலவசப் படங்களிலிருந்து எடுங்கள். கென்னி என்ற தளத்தில் உள்ள படங்கள் சிசி ஜீரோ உரிமத்தில் இருக்கின்றன, பெயர் போடக்கூட வேண்டாம். சிசி பை என்று இருந்தால் உருவாக்கியவர் பெயரை கேமில் போட்டே ஆக வேண்டும். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று எடுத்த அன்றே ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள், கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

சத்தத்துக்கு நாங்கள் செலவே செய்யவில்லை. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் நாற்காலி இழுபடும் சத்தம், மெலமைன் தட்டுகள் மோதும் சத்தம், மைனா கத்துவது எல்லாம் கைப்பேசியிலேயே பதிவு செய்தோம். சினிமாப் பாட்டு பின்னணியில் போடலாமா என்று ஒருவன் கேட்டான். போடக் கூடாது, ஐந்து விநாடியானாலும்.

13 வாரத்துல எவ்வளவு பெரிய கேம் முடிக்க முடியும்?

நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு. 13 வாரம் என்பது காகிதத்தில்தான். முதல் இரண்டு வாரம் குழு சேர்வதிலேயே போகும், நடுவில் எல்லாப் பாடத்துக்கும் இடைத்தேர்வு, கடைசி இரண்டு வாரம் அறிக்கை எழுதுவதும் டெமோவுக்குத் தயாராவதும். நிஜமாக கோட் எழுதக் கிடைத்தது எட்டு வாரம், அதிலும் ஆளுக்கு வாரம் எட்டு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எங்கள் முதல் பட்டியலில் 23 அம்சங்கள் இருந்தன. மழை வரும், பசார் மாலாம் (இரவுச் சந்தை) கட்டம் ஒன்று, டுரியான் தின்றால் மைனாவுக்குச் சக்தி, ஆடுபவர் தட்டுகளை அடுக்கினால் கூடுதல் புள்ளி, இப்படிப் போகும். கடைசியில் இருந்தவை நான்கு. வெட்டும்போது சண்டை வந்தது, டுரியானை விட எனக்கே மனசில்லை. நாங்கள் கண்டுபிடித்த வழி இது: ஒரு அம்சத்தை எடுத்துவிட்டாலும் கேம் கேமாகவே இருந்தால் அதை எடுத்துவிடலாம். மழை இல்லாமல் கேம் இருக்கும். பறக்காமல் இருக்காது.

முதல் வாரத்திலேயே படம் எதுவும் இல்லாமல் வெறும் சதுரங்களை வைத்து விளையாடிப் பாருங்கள். கறுப்புச் சதுரம் மைனா, சாம்பல் சதுரம் மேசை. அதிலேயே கொஞ்சமாவது சிரிப்பு வர வேண்டும், வராவிட்டால் படம் போட்டாலும் வராது.

மல்டிபிளேயர் போடலாமா?

வேண்டாம்.

சரி, காரணம் கேட்பீர்கள். இரண்டு கணினிகளுக்கு இடையே செய்தி போய்வர நேரம் எடுக்கும், மேலே சொன்ன 16.7 மில்லிவிநாடியைவிட அது பெரும்பாலும் அதிகம். அதனால் இரண்டு திரைகளிலும் மைனா வெவ்வேறு இடத்தில் இருக்கும், எது உண்மை என்று தீர்மானிப்பதே தனி புராஜெக்ட். ஒரே கீபோர்டில் இருவர் ஆடுவது என்றால் செய்யுங்கள், அது வேடிக்கையாகவும் இருக்கும்.

என் லேப்டாப்ல மைனா ஒழுங்கா பறக்குது, ஃபிரெண்டு லேப்டாப்ல ராக்கெட் மாதிரி போகுது. ஏன்?

மைனா என்றே கேட்டானா என்றால் இல்லை, அவன் கேட்டது கார். ஆனால் எங்களுக்கு நடந்ததும் இதுவேதான். என் திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும், கேம் விளையாடவென்றே லேப்டாப் வாங்கிய எங்கள் நண்பனின் திரை 144 தடவை. ஒவ்வொரு சுற்றுக்கும் மைனாவை இத்தனை தூரம் நகர்த்து என்று எழுதியிருந்ததால் அவன் கணினியில் அது 2.4 மடங்கு வேகமாகப் பறந்தது. அவனோ கேம் ரொம்பக் கஷ்டம் என்று இரண்டு வாரமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தான், நாங்கள் அவனுக்கு விளையாடத் தெரியவில்லை என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று இன்ஜினே சொல்லும், டெல்டா டைம் என்று பெயர். வேகத்தை அதனால் பெருக்கினால் எந்தக் கணினியிலும் ஒரே வேகம் வரும். இயற்பியல் சம்பந்தப்பட்ட வேலையை யூனிட்டியின் ஃபிக்ஸ்டு அப்டேட்டில் எழுதுங்கள், அது திரையைப் பொருட்படுத்தாமல் 0.02 விநாடிக்கு ஒரு தடவை என்ற கணக்கில் ஓடும்.

வேகமா போற பொருள் சுவத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துருதுக்கா.

இதுவும் முந்தைய கேள்வியின் தம்பிதான். பொருள் தொடர்ச்சியாக நகர்வதாக நமக்குத் தெரிகிறது, உண்மையில் அது இடம் விட்டு இடம் தாவுகிறது. ஒரு தாவலின் தூரம் சுவரின் தடிமனைவிட அதிகமானால், ஒரு சுற்றில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த சுற்றில் அந்தப் பக்கம், சுவரைத் தொட்ட கணம் என்று ஒன்று கணினியைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. எங்கள் மைனா செங்குத்தாகப் பாயும்போது மேசையைத் துளைத்துக்கொண்டு தரைக்குக் கீழே போய்விடும். மோதலைத் தொடர்ச்சியாகக் கவனிக்கும்படி இன்ஜினில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை வேகமாகப் போகும் பொருளுக்கு மட்டும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் சுற்று கனத்துவிடும். மேசையைக் கொஞ்சம் தடிமனாக்கினாலும் போதும், யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள்.

கிட்ல மெர்ஜ் பண்ணினா சீன் ஃபைல் மொத்தமா நாசமாகுது. எப்படி சமாளிச்சீங்க?

சமாளிக்கவில்லை, முதல் தடவை அழுதோம். கிட் என்பது பலர் எழுதும் கோப்புகளைச் சேர்த்து, யார் எதை மாற்றினார் என்று கணக்கு வைக்கும் மென்பொருள், இருவர் மாற்றியதை ஒன்றாகச் சேர்ப்பது மெர்ஜ். சீன் என்றால் கேமின் ஒரு காட்சி. நான்காவது வாரம் ஒரு வெள்ளி இரவு, நான் மேசைகளை இடம் மாற்றினேன், அதே நேரம் இன்னொருத்தி அதே சீனில் விளக்குகளைப் போட்டாள். யூனிட்டி ஒரு சீனை ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள ஒரே எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது. இருவரும் மாற்றியதை கிட் சேர்க்க முயன்று, முடியாமல், நடுவில் அம்புக்குறிகளை எல்லாம் போட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தக் கோப்பு அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அப்புறம் பழக்கத்தை மாற்றினோம். ஒரு சீனை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம், தொடுவதற்கு முன் குழு சாட்டில் "சீன் என்கிட்ட" என்று போட வேண்டும். மேசை, மைனா, அங்கிள் எல்லாவற்றையும் தனித்தனி பிரிஃபேப் (தனிக் கோப்பில் இருக்கும் பொருள்) ஆக்கினோம், அதனால் மேசையைத் திருத்துகிறவர் சீனைத் திறக்கவே தேவையில்லை. கோட் கோப்புகளுக்கு வழக்கம்போல பிராஞ்ச் (ஆளுக்கொரு தனிப் பிரதி), மெர்ஜ், அதில் பெரிய தொல்லை இல்லை. யூனிட்டியோடு வரும், சீன் கோப்புகளைச் சேர்க்க உதவும் ஒய்ஏஎம்எல் மெர்ஜ் கருவியையும் பொருத்தினோம், சில நேரம் காப்பாற்றியது.

இன்னொரு கண்ணி: யூனிட்டி ஒவ்வொரு படத்துக்கும் கூடவே ஒரு மெட்டா கோப்பு உருவாக்கும், அந்தப் படத்தின் அடையாள எண் அதில்தான் இருக்கிறது. படத்தை மட்டும் கமிட் செய்து (அதாவது கிட்டில் சேர்த்து) மெட்டாவை விட்டால் ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு எண் உருவாகி, படம் காணாமல் போகும். மெட்டாவை அவசியம் கமிட் செய்யுங்கள், லைப்ரரி ஃபோல்டரை மட்டும் கமிட் செய்யாமல் விட்டுவிடுங்கள். 100 எம்பிக்கு மேல் உள்ள கோப்பை, கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் நேராக ஏற்காது, பெரிய ஒலிக் கோப்பு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் வசதி பற்றிப் படித்துவிடுங்கள்.

எதிரிக்கு ஏஐ எழுதணும். ஏ ஸ்டார் போட்டா மார்க் அதிகமா கிடைக்குமா?

இந்த ஆசையில்தான் நாங்கள் இரண்டு வாரம் தொலைத்தோம். ஏ ஸ்டார் 1968-இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் என்ற மூவர் வெளியிட்ட வழி தேடும் முறை: இதுவரை வந்த தூரத்தையும் இன்னும் போக வேண்டிய தூரத்தின் மதிப்பீட்டையும் கூட்டி, எது குறைவோ அந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பது. பாடத்தில் படித்த சூட்டில் மைனாவுக்கு அதை எழுதினேன். வேலை செய்தது. மேசைகளைச் சுற்றிச் சுற்றி அழகாக வழி கண்டுபிடித்துப் பறந்தது. டியூட்டர் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: பறவை ஏன் மேசையைச் சுற்றிப் போகிறது?

மைனாவுக்குத் தேவைப்பட்டது நான்கு நிலைகள்தான்: உட்கார்ந்திரு, தட்டைக் குறிவை, தின்னு, பயந்து ஓடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது மாறும் என்று எழுதினால் போதும், ஒரு சாயங்கால வேலை. ஆனால் கேம் தலைகீழான பிறகு அங்கிள் கணினி ஆடும் பாத்திரமானார், அங்கிள் நடப்பவர், மேசைகளைச் சுற்றித்தான் போக வேண்டும். தூக்கிப் போட்ட கோட் அப்படியே அவருக்கு உதவியது. ஒரே திருத்தம், ஒவ்வொரு சுற்றிலும் வழியைப் புதிதாகத் தேடாமல் அரை விநாடிக்கு ஒரு தடவை தேடச் செய்தோம், காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

யாரை வச்சு டெஸ்ட் பண்றது? ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சூப்பர்னுதான் சொல்றாங்க.

உங்கள் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாதவர்களிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் முழு புராஜெக்டிலும் கஷ்டமான காரியம், அவர்கள் தவறான பட்டனை அழுத்தும்போது கை நடுங்கும், சொல்லிவிடலாமா என்று இருக்கும். சொன்னால் அந்தச் சோதனை வீண். கேமை விற்கும்போது டப்பாவுக்குள் உங்களையும் வைத்துத் தர முடியாது.

ஏழாவது வாரம் என் அம்மாவிடம் கொடுத்தேன். திரையில் துணியோடு அங்கிள் நிற்கிறார், மேலே மைனா. அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுல நான் யாரு, இந்தப் பறவைதானே?" என்றார். இல்லைம்மா, நீங்க துடைக்கிறவரு என்றேன். "அதான் வீட்டுலயே செய்யறேனே" என்றார். அந்த வாரம் புளோக் கீழே சீனச் சதுரங்கம் ஆடும் ஒரு முதியவர், என் தங்கையின் தோழிகள், இப்படி ஆறு பேரிடம் கொடுத்தோம். நான்கு பேர் மைனா திருடியபோதுதான் சிரித்தார்கள், தட்டை எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஏழு வாரமாக அதைக் கவனிக்கவே இல்லை.

பாதியில கேமையே மாத்தினா மார்க் போகாதா?

எங்களுக்குப் போகவில்லை, ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. டெஸ்ட் செய்தவர்கள் ஆடும்போது அனுமதி கேட்டுத் திரையைப் பதிவு செய்து வைத்திருந்தோம், யார் எங்கே சிரித்தார், எங்கே நின்றார் என்று குறித்திருந்தோம். எட்டாவது வாரம் டியூட்டரிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் மாற்றினோம். சும்மா தோன்றியது என்று போய் நின்றிருந்தால் திட்டுதான் விழுந்திருக்கும்.

மாற்றம் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கூடம், மேசை, தட்டு, புள்ளி எண்ணுவது எல்லாம் அப்படியே. கீபோர்டு யாரை நகர்த்துகிறது என்பதுதான் மாறியது, ஒன்பது நாள். பிரிஃபேப்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்காவிட்டால் அது ஒரு மாதம் ஆகியிருக்கும். பத்தாவது வாரத்துக்குப் பிறகு இப்படித் தோன்றினால் மாற்றாதீர்கள், அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

கேம்ல தமிழ் எழுத்து போட்டா உடைஞ்சு உடைஞ்சு வருது. ஃபாண்ட் பிரச்சினையா?

ஃபாண்ட் பிரச்சினை இல்லை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல ஃபாண்ட் போட்டாலும் உடையும். எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையைச் செய்ய ஒரு பகுதி வேண்டும், நாங்கள் பயன்படுத்திய டெக்ஸ்ட்மெஷ் புரோவில் (யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டும் பகுதி) தமிழுக்கு அது இல்லை. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கும், திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அப்படி மாற்றிப் போட யாரும் இல்லாததால் எங்கள் "கோப்பி" கடைப் பலகை கன்றாவியாக வந்தது. குழுவில் மற்ற நான்கு பேருக்கும் அது தப்பு என்றே தெரியவில்லை, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். ஊரில் அங்கங்கே உடைந்த தமிழோடு தொங்கும் அறிவிப்புகள் எப்படி உருவாகின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாள் அதைப் படம் எடுத்துப் போட்டுக் கோபப்பட்டவள் நான்.

கொம்பை முன்னால் நகர்த்தும் ஒரு ஃபங்ஷன் எழுதிப் பார்த்தேன். கெ, கே, கை, கொ சரியாகின. ஆனால் கு, மு, து போன்றவை ஒட்டிய வடிவங்கள், அவற்றுக்குத் தனி யூனிகோடு எண்ணே கிடையாது, ஃபாண்டுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே தோற்றேன். வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் உத்தியும் சரிப்படவில்லை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து துண்டு, அதனால் முதலில் "தமிழ" என்று வந்து, ஒரு கணம் கழித்துப் புள்ளி வந்து உட்காரும். கடைசியில் பலகைகளைப் படமாக வரைந்து ஒட்டிவிட்டோம். தமிழில் நிறைய வசனம் உள்ள கேம் செய்வதென்றால் கோடோ 4 எடுங்கள், அதில் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலில் இது ஒன்றுதான் விதிவிலக்கு.

ஒருத்தன் வேலையே செய்ய மாட்டேங்கறான். லெக்சரர்கிட்ட சொல்லலாமா?

முதலில் அவனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் மூன்று வாரம் எதுவும் கமிட் செய்யவில்லை. கோபத்தோடு கேட்கப் போனால், அவருக்கு நாங்கள் கொடுத்திருந்த வேலை "யூஐ" என்ற ஒரு சொல், அதாவது பட்டன், புள்ளி என்று ஆடுபவர் திரையில் பார்ப்பதெல்லாம். எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். "புள்ளிகள் வலது மேல் மூலையில் தெரிய வேண்டும், வியாழனுக்குள்" என்று மாற்றிக் கொடுத்தோம், புதன்கிழமையே முடித்துவிட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும் வேலையை ஒரே துண்டாகக் கொடுக்கவில்லை.

நிஜமாகவே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அப்படியென்றால் ஆறாவது வாரத்திலேயே சொல்லுங்கள், கூட்டக் குறிப்புகளோடு. பதின்மூன்றாவது வாரம் போய்ச் சொன்னால் அது புகார் மாதிரி இருக்காது, பழிவாங்குவது மாதிரி இருக்கும்.

சாட்பாட்கிட்ட கோட் எழுதி வாங்கலாமா?

உங்கள் பாடத்தின் விதியை முதலில் படியுங்கள், அனுமதி இருந்தால் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பிழைச் செய்தியை விளக்கச் சொல்வதற்கு எனக்கு நன்றாக உதவியது. எழுதச் சொன்னால் பழைய வெர்ஷனுக்கு எழுதித் தரும்: யூனிட்டி 6-இல் பொருளின் வேகத்தைக் குறிக்கும் பெயரே மாறிவிட்டது, அது பழைய பெயரிலேயே தரும். டெமோவில் ஒரு வரியைக் காட்டி இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பார்கள், அப்போது சாட்பாட் பக்கத்தில் இருக்காது.

டெமோ அன்னிக்கு என்னவெல்லாம் தப்பாகும்?

எங்களுக்கு ஆனது: புரொஜெக்டரின் நீள அகல விகிதம் எங்கள் லேப்டாப்பிலிருந்து வேறு, தொடங்கும் பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. இருபது பேர் முன்னால் மவுஸை இருட்டில் துழாவுவது மாதிரி துழாவினேன். இடைவிசையை அழுத்தினாலும் கேம் தொடங்கும் என்று "யூஐ" நண்பர் யாருக்கும் சொல்லாமல் எழுதி வைத்திருந்தார், அவரே எழுந்து வந்து அழுத்தினார்.

முந்தின நாளே அந்த அறைக்குப் போய், அந்தக் கணினியில், இன்ஜினுக்குள்ளிருந்து இல்லாமல் பில்டு செய்த, அதாவது தனியாக ஓடும்படி ஆக்கிய கேமை ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் கையில் இருக்கட்டும். டெமோவுக்கு 24 மணி நேரத்துக்குள் யாரும் எதையும் கமிட் செய்யக் கூடாது, "சின்ன ஃபிக்ஸ்தான்" என்று சொன்னாலும்.

முடிச்ச கேமை விக்கலாமா?

புராஜெக்ட் வேலையின் உரிமை யாருக்கு என்று உங்கள் கல்விக்கூடத்தின் விதியைப் பாருங்கள், பிறகு ஐந்து பேரும் சம்மதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நட்பாக இருக்கும்போதே. படங்களின் உரிமக் கோப்பு, மேலே சொன்னேனே, இங்கேதான் கைகொடுக்கும். சின்ன கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் போட காசு வேண்டாம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ஒரு கேமுக்கு 100 அமெரிக்க டாலர், 1,000 டாலர் வருமானம் வந்த பிறகு அந்த நூறு திரும்பக் கிடைக்கும். கூகல் பிளேயில் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். நாங்கள் இட்ச்சில் இலவசமாகப் போட்டோம்.

ஏம்மா, கேம் செஞ்சு படிச்சா வேலை கிடைக்குமா? என் பையன் இதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

ஆன்ட்டி, இங்கே கேம் துறை இருக்கவே இருக்கிறது. கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் 2008-இல் சிங்கப்பூரில் அலுவலகம் திறந்தது, கரீனா நிறுவனம் 2009-இல் இங்கேயே தொடங்கியது, 2017-இல் வந்த கேட் குவெஸ்ட் என்ற கேம் ஒரு சின்ன சிங்கப்பூர்க் குழு செய்தது. ஆனால் அந்த வேலைகளுக்குப் போட்டி அதிகம், அதை மறைக்க மாட்டேன்.

நான் கேம் நிறுவனத்தில் இல்லை, பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதுகிறேன். நேர்முகத்தில் பாதி நேரம் அந்த மெர்ஜ் சண்டையைப் பற்றியும், ஏழு வார வேலையை ஏன் தலைகீழாக மாற்றினோம் என்பதைப் பற்றியும்தான் கேட்டார்கள். மைனாவுக்கு ஏ ஸ்டார் எழுதிய கதையைச் சொன்னபோது எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். உங்கள் பையன் விளையாடுகிறானா, செய்கிறானா என்று மட்டும் பாருங்கள் ஆன்ட்டி. செய்கிறான் என்றால் உங்களிடம் கொடுத்து ஆடச் சொல்வான், அப்போது தயவுசெய்து சூப்பர் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த மைனா கேமை இப்ப விளையாட முடியுமா?

கணினி பிரவுசரில் ஓடும், கைப்பேசியில் ஓடாது, தொடுதிரைக்கு நாங்கள் எழுதவே இல்லை. ஒரு பக் (பிழை) இன்னும் இருக்கிறது. பானக் கடையின் பெயர்ப் பலகை மேல் போய் உட்கார்ந்தால் அங்கிளுக்கு அங்கே வர வழியே கிடைக்காது, ஏ ஸ்டார் கையை விரித்துவிடும், அவர் பலகைக்குக் கீழே அப்படியே நின்றுவிடுவார். அவர் நிற்க நிற்க மற்ற மேசைகளில் தட்டுகள் குவியும், அப்புறம் மறுபக்கமாக இறங்கி அள்ளிக்கொள்ளலாம். டெமோவுக்கு முந்தின நாள் இதைப் பார்த்தோம், நான் மேலே சொன்ன 24 மணி நேர விதியால் தொடவில்லை. சித்தி மகன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான், அதிகபட்சப் புள்ளி இன்றுவரை அவனுடையதுதான்.